ஜெபத்தில் கொடுத்த வண்டி

1984 பிப்ரவரி 12, ஞாயிறு. விழுப்புரம்

ஆராதனை முடிந்து சபைப் போதகர் ஐயர் வந்து காருக்கு ஜெபம் செய்தார். செகண்ட்ஹேண்ட் அம்பாசடர், வெண்ணெய் நிறம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பணமெல்லாம் இதில்தான் நிற்கிறது. மகள் பியூலாவை மணப்பெண்ணாகச் சொந்த வண்டியில் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும், அதற்காகத்தான் வாங்கினேன்.

ஐயர் ஆமென் சொன்னபின் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஆண்டவரே, இது உம்முடைய வண்டி, உமது சித்தப்படி எடுத்துக்கொள்ளும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சபையே கேட்டது.

மார்ச் 4

சபை கேட்டது வீண்போகவில்லை. ஐயரைத் திண்டிவனம் கூட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். திரும்பும்போது அவருக்கு யாரோ கொடுத்த மல்லாட்டை மூட்டைகளும் ஏறின. வண்டி முழுக்கக் கடலைத் தோல்.

செப்டம்பர் 16

அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக ஏலத்துக்கு வந்த பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல்கள் எல்லாம் என் பின் சீட்டில். சீட்டை அசிங்கம் பண்ணுவதில் சேவல்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் முகம் சுளித்ததைப் பார்த்துக் கமிட்டிச் செயலாளர் சிரித்தார். "கர்த்தர் வண்டிதானே சார்!"

பெட்ரோலும் கர்த்தர் போடுவாரா என்று நாக்கு நுனி வரை வந்தது.

நவம்பர் 11

பியூலாவுக்குத் திண்டிவனத்தில் சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஜனவரியில் கல்யாணம். வண்டிக்குப் புது பெயின்ட், புது சீட் உறை. கல்யாணம் வரை யாருக்கும் கிடையாது. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

நவம்பர் 18

தாலந்து உவமையைப் பற்றிப் பிரசங்கம். எஜமான் கொடுத்த பணத்தை மண்ணில் புதைத்தவனை ஐயர் விளாசிவிட்டார். தார்ப்பாய் போட்டவனைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 22

எங்கள் தெருவில் மீன் விற்கும் சவுரியம்மாளின் புருஷன் பாண்டி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். சொந்த ஊர் ஓமந்தூருக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் தம்பி துரைக்கண்ணு வாசலில் நின்றான். "பொணம்னா டாக்சிக்காரன் எவனும் வரமாட்டேன்றான் சார். காலைலேர்ந்து அலைஞ்சிக்கினு கீறேன்."

முடியாது என்றேன். கல்யாண வண்டி, அதுவும் அவர்கள் எங்கள் சபைகூட இல்லை, ரோமன் கத்தோலிக்கர். துரைக்கண்ணு தலையாட்டிவிட்டுப் போனான். என் மனைவி சுகிர்தம் உள்ளே இருந்து வந்தாள்.

"உசிரோட இருக்கறவங்களுக்கு மட்டும்னு ஜெபத்துல சொன்னீங்களா?"

இவளுக்கு ஞாபகசக்தி அதிகம். தார்ப்பாயை எடுத்தேன். தெருமுனையில் துரைக்கண்ணுவை ஏற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உடலைப் பின் சீட்டில் படுக்கவைத்தோம். தலையைச் சவுரியம்மாள் மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மெல்லப் போங்க சார். குலுக்குனா அவருக்கு ஆவாது."

டிசம்பர் 23

ஓமந்தூர் போய் வந்ததிலிருந்து யாரும் வண்டி கேட்பதில்லை. கேரல் பாடுகிறவர்கள் வாடகை வேன் பிடித்தார்கள். செயலாளர்கூட பஸ்ஸில் போகிறார். நான் கேட்ட நிம்மதி இதுதான். நன்றாகவே இல்லை.

டிசம்பர் 29

சம்பந்தி வந்தார். காபி குடித்துவிட்டுச் சொன்னார்: "நமக்கு அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் இல்லீங்க. வீட்டுப் பொம்பளைங்களுக்குத்தான் மனசு ஒப்பல. பொண்ணுக்கு டாக்சி வெச்சிக்கலாமே."

சரி என்றேன். முப்பது வருஷம் நான் போன ரயிலிலே கார்டு இருக்கிற பிரேக் வேன்ல பொணம் வந்திருக்கு. அதே ரயில்ல கல்யாண கோஷ்டியும் வந்திருக்கு. எவனாவது எறங்கிப் போனானா? நாமெல்லாம் உயிர்த்தெழுதலை நம்பறவங்களாம்! — போகட்டும். பியூலாவிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவள்தான் என்னைத் தேற்றினாள்.

1985 ஜனவரி 23

பியூலா பூ கட்டிய டாக்சியில் கோயிலுக்குப் போனாள். பின்னால் எங்கள் வண்டி. முன்னால் நானும் சுகிர்தமும், பின் சீட்டில் சவுரியம்மாள் மட்டும். தாலியறுத்தவள் கல்யாணத்துக்கு எப்படி வருவது என்று தயங்கினவளைச் சுகிர்தம் கையைப் பிடித்து ஏற்றினாள். மற்றவர்களுக்கெல்லாம் வேறு வண்டிகளில் இடம் கிடைத்துவிட்டது.

ஜூன் 9

இந்த மாதம் ஓமந்தூருக்கு ஒரு தடவை, மரக்காணத்துக்கு ஒரு தடவை. இரண்டும் டாக்சிக்காரன் ஏற்றாத சவாரிதான். சீட் உறையைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

1986 ஆகஸ்ட் 3

சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டில் ஓர் ஆள். விக்கிரவாண்டி, பெயர் கோதண்டபாணி. நெற்றியில் திருநீறு. இங்கே ஆஸ்பத்திரியில் அவர் மகள் இறந்துவிட்டாள், நாலு வயது. விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"செத்தவங்கள ஏத்திக்கினு போற கர்த்தர் வண்டி... இதானுங்களா?"

"இதுதாங்க" என்றேன். கையைக் கழுவிவிட்டுச் சாவியை எடுத்தேன்.

விக்கிரவாண்டி வரை மெல்லத்தான் ஓட்டினேன்.