ஏலத்துக்கு வந்த கரித் தொட்டி

பாளையம்பட்டி,
12 பிப்ரவரி 1947.

அன்புள்ள மகன் ஜேசுராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், ஆடு கோழியும் சுகம், உன் அப்பாவின் கௌரவத்துக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். கொழும்பில் நீயும் மருமகள் தங்கபுஷ்பமும், நான் இன்னும் கண்ணால் காணாத என் பேத்தியும் நல்ல சுகத்தோடு இருக்க ஜெபிக்கிறேன். மழை இல்லை. இந்த வருஷமும் இல்லை என்று எழுத எனக்கே சலிப்பாக இருக்கிறது, போன வருஷக் கடிதத்தை எடுத்து அந்த வரியை மறுபடி படித்துக்கொள். சோளம் ஏதோ பேருக்கு வந்தது, மிளகாய் வரவில்லை, கண்மாய்க்குள் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. கடைச் சாமான் ஏற்றுகிற வேனின் பின்பக்கத்தை அறுத்துப் பலகை போட்டிருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை மருமகளையும் பிள்ளையையும் அந்தப் பலகையில் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறாய், இப்படி மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா, சொன்னால் கட்டணத்தை ஏற்றுவானே, சொல்லாவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது, அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள் என்கிறாய். ஆகா, கேட்க வேண்டிய ஆளைப் பார்த்துத்தான் கேட்டாய். இந்த விஷயத்தில் உன் அப்பாவைப் போல அனுபவசாலி ராமநாதபுரம் ஜில்லாவிலேயே கிடையாது. ஆனால் அவர்கள் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

நம் மோட்டார் சங்கதி உனக்குத் தெரியும். திருச்சுழிக் காட்டை விற்று வாங்கின வண்டி, அது ஓடினால்தான் இங்கே உலை கொதிக்கும். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை என்று பின்னால் ஒரு கரி கேஸ் தொட்டியை மாட்டினார்கள். உடைமரக் கரியைப் போட்டுப் பற்றவைத்து விசிறியைச் சுற்றினால் கேஸ் வரும், கேஸ் வருகிறதோ இல்லையோ புகை கட்டாயம் வரும், திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு என்று வெள்ளை வேட்டியோடு ஏறுகிறவர் சாம்பல் வேட்டியோடு இறங்குவார். சண்டை முடிந்தது, பெட்ரோல் பஞ்சம் முடியவில்லை, தொட்டியும் போகவில்லை. அது போதாதென்று போன வருஷம் உன் அப்பாவுக்கு இன்னொரு யோசனை உதித்தது. தொட்டிக்குப் பக்கத்தில் சாண் இடம் சும்மா கிடக்கிறதே என்று அங்கே ஒரு பலகையை முடுக்கிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். எரிகிற அடுப்போரம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, நம் சீமையில்தான் குளிர் தாங்க முடியாதே.

இப்போது இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. மதுரையிலிருந்து அருமைநாயகம் என்று ஒரு ஏஜெண்ட் வந்தார், நம் சபைக்காரர்தான். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் வந்து வண்டியைப் பார்த்து, நம் வீட்டில் தங்கி, பண்டிகைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. வண்டியில் நீங்களாக ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா என்று ஏஜெண்ட் கேட்பார் என யாரோ உன் அப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். தொட்டியைப் பார்த்ததும் இன்சூரன்ஸ் கிடையாது என்றுவிட்டால் பிழைப்பு போச்சே என்று பயந்துவிட்டார்கள். ஆனால் சபைக் கமிட்டியில் பெரிய மனுஷர், பொய் சொல்லலாமா? அதனால் டிரைவர் பால்பாண்டியையும் இன்னும் சில ஆட்களையும் வைத்துத் தொட்டியையும் பலகையையும் கழற்றி, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டுச் சாய்ப்பில் சாக்குப் போட்டு மூடிவைத்தார்கள். ஏஜெண்ட் வந்து கேட்டபோது, நீங்கள் பார்க்கிறதுதான் வண்டி என்றார்கள். அதில் ஒரு சொல் பொய் இல்லை பார். உன் அப்பாவுக்குப் பொய் வாசல் வழியாக வராது, கொல்லை வழியாகத்தான் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களே என்று நான் சொன்னேன். பொம்பளைக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். தெரியாதுதான்.

எனக்கு மோட்டார் தெரியாது, ஆனால் சாய்ப்பு தெரியும். உனக்கும் ஞாபகம் இருக்கும், பண்டிகைக் காணிக்கையெல்லாம் முந்தின நாளே கொண்டுவந்து அடுக்குவது அங்கேதான். சோளக்கதிர், பூசணி, சேவல், ஆட்டுக்குட்டி, காலையில் அந்தச் சாய்ப்புக்குள் எது இருந்தாலும் அது ஆண்டவருக்கு, ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். வருஷா வருஷம் அதை முன்னால் நின்று நடத்துகிறவர்களே உன் அப்பாதான். அவர்களுக்கே அது மறந்துபோனது. கோயிலைக் கூட்டி மணியடிக்கிற கோயில்குட்டி சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு இது யாருடையது என்று பால்பாண்டியைக் கேட்டிருக்கிறான், இவனும், முதலாளியுடையது என்று வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கிறான். நம் வீட்டில் உள்ளதைச் சொன்னது அவன் ஒருவன்தான்.

ஏஜெண்டுக்குத் துணையாக உட்கார வேண்டியிருந்ததால் இந்த வருஷம் உபதேசியார்தான் ஏலம் போட்டார். சேவல் போயிற்று, பூசணி போயிற்று, பிறகு ஆட்கள் முக்கி முனகித் தொட்டியைத் தூக்கிவந்து நடுவில் இறக்கினார்கள். ஜான்ராஜ் குடும்பத்தார் காணிக்கை, மோட்டார் கரித் தொட்டி ஒன்று என்று உபதேசியார் உன் அப்பா பேரைச் சொல்லி வாசித்தார். கொடுத்தால் இப்படியல்லவா கொடுக்க வேண்டும் என்று போதக ஐயர் பூரித்துப்போனார், சபையார் கைதட்டினார்கள், காரியாபட்டியிலிருந்து வந்திருந்த பஸ்காரர் ஒருவர் உடனே ஏலம் கேட்டார். அருமைநாயகம் தொட்டியைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார். தன் தொட்டியைத் தானே ஏலம் கேட்கலாமா என்று உன் அப்பா வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். ஒரு தரம் ஆயிற்று, இரண்டு தரம் ஆயிற்று. அப்போது எழுந்து நின்றார்கள்.

"அது காணிக்கை இல்ல. ஏஜெண்டு கண்ணுல படக் கூடாதுன்னு நாந்தான் கழட்டி ஒளிச்சு வச்சேன். பிள்ளைக உக்காருற பலகையும் அங்கனதான் கெடக்கு" என்றார்கள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்களை ஏசிக்கொண்டிருக்கிறவள்தான் நான், அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இதை அவர்களிடம் சொல்லாதே, தலைகால் புரியாது.

சாப்பாடு முடிந்த பிறகு ஏஜெண்ட் உட்காரவைத்து விளக்கினார். தொட்டி ஒரு சங்கதியே இல்லையாம், சண்டைக் காலத்தில் எத்தனையோ வண்டியில் மாட்டினதுதானாம், சொன்னால் சேர்த்து எழுதிக்கொள்வார்களாம், கட்டணம் கொஞ்சம் ஏறுமாம், அவ்வளவுதான். சொல்லாமல் மறைத்துவைத்து நாளைக்கு வண்டி தீப்பிடித்தால் கம்பெனி கையை விரித்துவிடுமாம். இதற்கா இந்தக் கூத்து? ஆள் வைத்துக் கழற்றி, ஆள் வைத்துத் தூக்கி, சபை நடுவில் மானம் கெட்டு, ஒரு வரியில் முடிகிற காரியம். உன் அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது, அப்படியே பலகையையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், எவ்வளவு ஏறினாலும் கட்டிவிடுகிறேன் என்றார்கள். அது முடியாது என்றார் அருமைநாயகம். ஏன் முடியாது என்று இவர்கள் மல்லுக்கு நின்றார்கள்.

"கம்பெனி காசுதான்யா குடுக்கும். பிள்ளையக் குடுக்காது" என்றார் அவர்.

உன் அப்பா எழுந்துபோய்ச் சாய்ப்பில் கிடந்த பலகையைத் தூக்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தார்கள், சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பலகையைக் கோடாலியால் பிளந்து என் அடுப்படியில் போட்டார்கள். தொட்டியைச் சபைக்கு உரியதைக் கொடுத்து மீட்டுவந்து மறுபடி மாட்டியாயிற்று, இன்சூரன்ஸும் கிடைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் இருக்கிற இடத்தில் நெருக்கி உட்காருகிறார்கள், மிச்சப் பேர் நடக்கிறார்கள், நடந்தால் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டார்கள்.

ஆகவே மகனே, நீ கேட்டதற்குப் பதில், சொல்லத்தான் வேண்டும். கம்பெனிக்காரன் என்ன கேட்பானோ என்று நீயும் கண்டுபிடித்து ஒளிக்க ஆரம்பித்தால் அப்பன் புத்தி தப்பாமல் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவேன், வேறென்ன செய்ய. ஆனால் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இருந்துவிடாதே. கட்டணம் ஏறுமா ஏறாதா என்று இரண்டு பக்கம் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறாயே, வளைவில் வேன் ஒரு குலுக்குக் குலுக்கினால் மருமகள் ஒரு கையில் பிள்ளையைப் பிடிப்பாளா, மறு கையில் எதைப் பிடிப்பாள் என்று ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பிள்ளைக்கு என் சாயல் என்று நீதான் எழுதினாய். அது நிஜமா என்று நான் வந்து பார்க்க வேண்டாமா? கடல் எங்கும் ஓடிப்போகாது, பஸ்ஸில் போங்கள்.

அப்பா உங்கள் மூவருக்கும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள், இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றும் சொன்னார்கள், ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். நீங்கள் புறப்படும்போதும் திரும்பும்போதும் ஆண்டவர் கூட இருப்பாராக. மருமகளுக்குச் சுக்கும் கருப்பட்டியும் ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன். ஒன்று மறக்காதே. முதலில் அந்தப் பலகையைக் கழற்று, கழற்றிவிட்டேன் என்று எனக்கு எழுது. கம்பெனிக்கு அதற்கப்புறம் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் பிரியமும் குறையாத அம்மா,
ஜா. சவுந்தரம்.