பிஷப் தந்த அனுமதி

கொட்டாஞ்சேனை,
சனிக்கிழமை

அன்பு மகள் ஷெரோமிக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இருக்கிறோம், மெல்பேர்னில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், அதனால்தான் எழுதுகிறேன். மரபணுச் சோதனைக்கென்று எச்சிலைத் துப்பி அனுப்பி வருத்தத்தை விலைக்கு வாங்கிய பிள்ளையை உன்னில்தான் பார்க்கிறேன். அல்சைமருக்கு வழிவிடுகிற அந்த மரபணு உனக்கு இரண்டாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய், அம்மாவின் பக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டாய். ஒன்று அம்மாவிடமிருந்து என்றால் மற்றது யாரிடமிருந்து என்று எனக்குத் தெரியாதா? டொக்டரிடமும் கேட்டேன். தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று, அப்படித்தான் வரும் அங்கிள், ஆனால் அது இருக்கிற எல்லாருக்கும் மறதி வருத்தம் வருமென்று இல்லை என்றார். அந்த ஆனாலைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்கினேன்.

அம்மாவைப் பெற்ற என் மாமி கடைசியில் சொந்தப் பிள்ளைகளையே யாரென்று கேட்டவ. அவவின் அண்ணன்தான் என் அப்பா. அவர் ஹாபர் வேலையில் பாரந்தூக்கியின் சங்கிலி அறுந்து விழுந்து இளவயதிலேயே போய்விட்டபடியால், எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மனுஷன் மறக்கிற வயது வரைக்கும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா இப்போது எங்கள் கலியாணத்தையே மறந்துவிட்டா. சொந்த மச்சாளைக் கட்டக் கோயில் சட்டம் இடங்கொடாது என்று பிஷப்பிடம் விசேஷ அனுமதி கேட்டுக் காத்திருந்தோமே, அந்த நாட்களில் போய் நிற்கிறா. விடிந்தால் "பிஷப்பிட்டயிருந்து பெர்மிஷன் வந்திட்டுதே மச்சான்?" என்று கேட்பா. வந்திட்டுது என்று சொன்னால் வெட்கப்பட்டுச் சிரிப்பா. உன் செய்தி வந்த பிறகு அந்தப் பதில் எனக்கு வாயில் வருவதில்லை மகள். நாங்கள் ஆசைப்பட்டுத்தான் கட்டினோம், உனக்கு இதைக் கொடுப்போம் என்று தெரியாது. போன கிழமை தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, வீட்டுக்கு முன்பே தெமட்டகொடையில் இறங்கிவிட்டேன், எங்கே போகவேணும் என்று த்ரீவீல்காரன் கேட்க, கொட்டாஞ்சேனை என்று உடனே சொல்ல வரவில்லை. முன்பென்றால் வெயில் என்று விட்டிருப்பேன், இப்போது பயமாக இருக்கிறது. சாவுக்கு இல்லை. வேலைக்கு வருகிற நேசம் நல்லவள்தான், ஆனால் அம்மா என் கையால் ஊட்டினால்தான் வாய் திறப்பா. நானும் மறந்துபோனால் அவவுக்கு யார்?

நான் சோதிக்கப் போகமாட்டேன், கரைச்சல்படுத்தாதே. நீ பிரஷரைப் பார், நன்றாக நித்திரை கொள், அதையே நினைத்து உருகாதே, உனக்குக் காலம் இருக்கிறது, அதற்குள் நல்ல மருந்தும் வரலாம்.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் தம் கைக்குள் வைத்திருக்கட்டும். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வருகிறேன் என்று தள்ளிப்போடுகிறாய், இந்த முறை வா. வாசலில் நின்று அம்மாவுக்கு உன் பெயரைச் சொல்லவேண்டி வரும். எனக்கும் சொல்லவேண்டி வருமுன் வந்துவிடு.

உன் அப்பா,
ஹெக்டர்