தீட்டு தீராத குடித்தனக்காரர்

அனுப்புநர்:
பூ. குற்றாலலிங்கம் பிள்ளை,
மிளகு மண்டிக் கணக்கர்,
ஆரியசாலை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
தாசில்தார் சேஷய்யர் அவர்கள் சமூகம்,
திருவனந்தபுரம்.

பொருள்: என் குடித்தனக்காரர் வீட்டில் மாதந்தோறும் சாவு விழுவதால் வாடகை வராமை குறித்து.

மகாகனம் பொருந்திய அய்யா அவர்களுக்கு,

1. சென்ற சித்திரையில் என் மனைவி பகவதியின் காசுமாலையை அடகு வைத்து ஆரியசாலையில் ஒரு சிறு வீடு வாங்கினேன். வீட்டுக்காரன் என்ற பட்டம் எனக்குப் புதிது. குடிவர வந்த பட்டாபி என்பவர், தாங்கள் தம் சொந்தப் பெரியப்பா என்றார். அதில் மயங்கி முன்பணம் கேட்க மறந்தேன்.

2. முதல் மாத வாடகைக்குப் போனபோது, சித்தப்பா இறந்து பத்து நாள் தீட்டு என்றார். தீட்டு வீட்டுக் காசு புது வீட்டுக்காரனுக்கு ஆகாது என்று என் நன்மைக்காகவே சொன்னார். அடுத்த மாதம் அடுத்த சித்தப்பா. தீட்டுக் கழிந்து போனால் ஆள் இருப்பதில்லை; ஆள் இருக்கும்போது தீட்டு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் துக்கம் விசாரித்துவிட்டு வந்து தலைமுழுகியதில் எனக்கு மிஞ்சியது ஜலதோஷம்தான். வாடகை கேட்கப் போகிறேனா, துட்டி கேட்கப் போகிறேனா என்று பகவதி கேட்கிறாள். மேற்படி சித்தப்பாமார் தங்களுக்குத் தம்பிமார் ஆகையால், என் அனுதாபத்தை இத்துடன் சமர்ப்பிக்கிறேன்.

3. இம்மாதம் முதல் தேதி போனேன். தாங்கள் காலமாகிவிட்டதாகச் சொன்னார். உறக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்விட்டீர்களாம். பெரிய மனிதர் போய்விட்டாரே என்று நானும் அழுதேன். மறுநாள் காலை சாலைக் கடைத்தெருவில் தாங்கள் ஓர் ஏத்தன் வாழைக்குலைக்குப் பேரம் பேசுவதைக் கண்டேன். காலமானவர் யாரும் ஒரு சக்கரம் காசு குறைப்பதற்காக அவ்வளவு நேரம் நிற்கமாட்டார். பட்டாபியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் என்று எனக்கே ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டார்.

4. அய்யா, இனி விளையாட்டில்லை. இம்மாதக் கடைசிக்குள் வட்டி கட்டாவிட்டால் காசுமாலை ஏலத்துக்குப் போய்விடும். வெறுங்கழுத்தோடு போவானேன் என்று பகவதி தன் தங்கை கல்யாணத்துக்கும் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, தாங்கள் ஒரு மாலை நேரில் எழுந்தருளி, அந்த வீட்டு வாசலில் நின்று பட்டாபியைப் பெயர் சொல்லி ஒருமுறை கூப்பிட வேண்டுகிறேன். கூப்பிட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். தங்கள் பத்தாம் நாளுக்கு முன்பே வந்தால் நல்லது. தங்கள் காரியச் செலவுக்கென்று அவர் என்னிடம் ஐந்து ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிறார். அது இன்னும் செலவாகாமல் இருக்கக்கூடும்.

இடம்: திருவனந்தபுரம்
கொல்லம் 1113, ஐப்பசி 4

தங்கள் தீர்க்காயுளில் மெய்யான அக்கறையுள்ள,
பூ. குற்றாலலிங்கம் பிள்ளை
(ஒப்பம்)