தொலைத்திருக்கிறேன்

அக்டோபர் 3, செவ்வாய்

தேவாலயக் கூடத்தில் முதல் வகுப்பு. வேறு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு, எங்கள் ஹல் நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலம். பாடம் நடத்துவது பிரான்வென். நான் வெறும் பேச்சுத் துணை. நாள் முழுக்கத் தலைமுடி வெட்டிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுகிறவள்தானே, இதற்கென்ன பெரிய படிப்பு வேண்டும் என்று போய்விட்டேன்.

என் ஜோடி செனாயித். எரித்ரியாக்காரி, என் வயதுதான் இருக்கும். பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். "ஒரு மகன். ஐ லாஸ்ட் மை சன்" என்றாள்.

லாஸ்ட். நாங்கள் செத்தவர்களுக்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்வோம், காணாமல் போன குடைக்கும் அதைத்தான். ஒரு தாய் மகனைப் பற்றிச் சொல்லும்போது வேறு என்ன நினைப்பது? கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அழ வைத்துவிடுவோமோ என்று பயம்.

அக்டோபர் 10

நாற்பத்தாறு வருஷமாகப் பேசுகிற மொழிக்குள் இப்படி ஒன்று இருக்கிறதென்று எனக்குத் தெரியவே தெரியாது!

பிரான்வென் பலகையில் எழுதினாள். சாப்பிட்டேன் என்றால் ஒரு விதம். நடுவில் குட்டியாக ஒரு 'ஹேவ்' வைத்தால் — சாப்பிட்டிருக்கிறேன் — வேறு விதம். முதலாவது முடிந்துபோன சங்கதி. இரண்டாவது நடந்தது நேற்றோ போன வருஷமோ, அதன் கை இன்றைக்கு வரை நீண்டு நம்மைத் தொட்டுக்கொண்டிருக்கிறதாம். பிரசன்ட் பர்ஃபெக்ட் என்று பெயர்.

செனாயித் கேட்டாள்: "ஏன்? ரெண்டும் முடிஞ்சதுதானே?"

"காதுக்கு அப்படித்தான் சரியா இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

எங்கே திரும்பினாலும் அதுதான் காதில் விழுகிறது. கடைக்கு வந்த திருமதி பிக்கரிங் உட்காரும்போதே ஆரம்பித்தார்: "மழை நின்னிருக்கு கண்ணு. பொண்ணு ஃபோன் பண்ணியிருக்கா. முட்டி வீங்கியிருக்கு." மூன்று வாக்கியம், மூன்றிலும் இருக்கிறது! கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவரிடமே சொன்னேன். "முட்டிக்கு அதனால ஏதாவது நல்லதா?" என்று கேட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரன் கிரெய்கிடம் சொன்னேன். துறைமுக வேலையிலிருந்து வந்த களைப்பு அவனுக்கு. சிப்ஸ் மேல் மசாலாத் தூளைக் கொட்டிக்கொண்டே, "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றான்.

"பாரு, நீயே சொல்லிட்ட!"

"என்னத்த?"

பாவம், கடைசி வரை அவனுக்குப் புரியவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

இன்றும் அதே பாடம். செனாயித் மறுபடி "ஏன்?" என்றாள். இந்த முறை விடுவதில்லை என்று என் காதிலிருந்து ஒரு கம்மலைக் கழற்றி ஒளித்துக்கொண்டேன். "இப்போ பாரு. 'கம்மலைத் தொலைச்சேன்'னு சொன்னா நீ என்ன பண்ணுவ? ஐயோ பாவம்னு சொல்லிட்டு டீயைக் குடிப்ப. அது பழைய கதை. ஆனா 'கம்மலைத் தொலைச்சிருக்கேன்'னு சொன்னா? எல்லாரும் நாற்காலியைத் தள்ளிட்டுத் தரையில தேட ஆரம்பிச்சிருவோம். ஏன்னா அது இன்னும் எங்கேயோ இருக்கு."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அப்போ நான் தப்பாச் சொல்லிட்டேன், ஜனீன்."

"எதை?"

"என் மகன். ரோபெல்." நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஐ ஹேவ் லாஸ்ட் மை சன்."

எனக்கு உடனே உறைக்கவில்லை. பிறகு உறைத்தபோது — கடவுளே.

"உயிரோட இருக்கானா?"

"தெரியல. செத்தான்னு யாரும் சொல்லல."

மூன்று வருஷம் முன்னால், சூடானில், எல்லையில், ராத்திரி, இரண்டு லாரி. ஆண்களெல்லாம் முன்னால் போகிற லாரியில் ஏறச் சொன்னார்களாம். பையனுக்குப் பதினாலு வயசு, ஆனால் உயரம். அவனையும் அதில் ஏற்றிவிட்டார்கள். அந்த லாரி வேறு பாதையில் போய்விட்டது. அவ்வளவுதான். இங்கே வந்ததும் அதிகாரிகளிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லியிருக்கிறாள். தேடித் தருகிற ஒரு தொண்டு அமைப்பின் ஃபோன் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எதிர்முனையில் பேசுகிற ஆங்கிலம் புரியாமல் இரண்டு முறை வைத்துவிட்டாளாம். மற்றபடி தெருவில், கடையில், இந்தக் கூடத்தில், எல்லோரிடமும் 'லாஸ்ட்' என்றே சொல்லிவந்திருக்கிறாள். எல்லோரும் தோளைத் தட்டிக் கொடுத்தோம். ஒருத்தர்கூட "எங்கே?" என்று கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 18

கடையைத் திறக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த அமைப்பின் அலுவலகத்துக்கே போனேன். ஃபோனெல்லாம் வேண்டாம், முகத்தைப் பார்த்துப் பேசட்டும். அங்கே ஒரு பெண், தமாரா, நல்ல மாதிரி. அவசரப்படுத்தவில்லை. செனாயித்தே பேசினாள், திக்கித் திக்கி. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிரெய்க் நம்பமாட்டான்.

ரோபெலின் இடது புருவத்தில் தழும்பு. ஆட்டுக்குட்டி முட்டியதாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். தேடுகிறவர்களின் படங்களை வேறு வேறு நாடுகளில் ஒட்டி வைப்பார்களாம். படத்துக்கு முன்னால் நான் அவள் முடியைச் சரி செய்தேன். என்னால் முடிந்தது அது.

நவம்பர் 14

ஒன்றும் இல்லை.

டிசம்பர் 5

தமாரா ஃபோனில் சொன்னாள்: "இன்னும் கண்டுபிடிக்கலை." செனாயித்திடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கேட்டுவிட்டு அவள், "'இன்னும்'னு சொன்னாளா? அவளேவா, இல்ல நீ சேர்த்தியா?" என்றாள்.

"அவளேதான்."

தலையை ஆட்டினாள். பிறகு எனக்குக் காபி போட்டாள், அவர்கள் ஊர் முறையில், கொட்டையை வறுத்து. வீடு முழுக்கப் புகை. தீ எச்சரிக்கை மணி அடித்து மேல்மாடிக்காரர் இறங்கி வந்தார். அவருக்கும் ஒரு கோப்பை.

ஜனவரி 16, செவ்வாய்

பாடத்தில் செனாயித் இப்போது என்னை மடக்குகிறாள். "'நேத்து பார்த்திருக்கேன்'னு இங்கிலீஷ்ல சொல்லக் கூடாது, ஜனீன். நேத்துன்னா கதவைச் சாத்தியாச்சு." சரிதானாம், பிரான்வென் சொன்னாள். என் மொழியில் எனக்கே பாடம்!

ஆனால் இன்று போகும்போது கோட்டைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ரொம்ப வருஷம் ஆயிட்டா ஹேவை எடுத்துரணுமா?"

"இல்ல" என்றேன். "அப்படி ஒரு விதியே கிடையாது." வீட்டுக்கு வந்துதான் பிரான்வெனுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். நல்லவேளை, கிடையாதாம்.

பிப்ரவரி 22, வியாழன்

கிடைத்துவிட்டான். கிடைத்துவிட்டான். கிடைத்துவிட்டான்.

திருமதி பிக்கரிங்குக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு செனாயித், ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஷூ. ஃபோனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். எதிர்முனையில் தமாரா. நெதர்லாந்தில், ஸ்வோல என்ற ஊரில் இருக்கிறான். பதினேழு வயது. தொழிற்பள்ளியில் படிக்கிறான். அம்மாவின் படத்தை அங்கே ஒரு சுவரில் பார்த்திருக்கிறான். பார்த்தவன் அந்தப் படத்துக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டானாம்.

நாங்கள் இருவரும் என்ன கத்தினோம் என்று தெரியாது. பக்கத்து மீன்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவள் தன் மொழியில் பேசினாள், நான் என் மொழியில் பேசினேன், யாருக்கும் எதுவும் புரியவில்லை, எல்லோருக்கும் புரிந்தது.

சாயத்தை மறந்தே போனேன். திருமதி பிக்கரிங்கின் தலை கேரட் நிறம். கண்ணாடியில் பார்த்தார். "பரவாயில்ல கண்ணு. ஞாயித்துக்கிழமை பிரார்த்தனைக்கு இப்படியே போறேன். கேக்கறவங்களுக்கெல்லாம் காரணம் சொல்லலாம்" என்றார்.

பிப்ரவரி 24

அம்மாவும் பிள்ளையும் நேற்று ஃபோன் திரையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். அவனுக்குக் குரல் உடைந்து ஆண்பிள்ளைக் குரல் வந்துவிட்டது. "யாரோ பேசறாங்கன்னு நெனச்சேன்" என்றாள். "அப்புறம் தும்மினான். தும்மல் மாறல."

மார்ச் 27

அவளுடைய பயணப் பத்திரம் வந்துவிட்டது. நெதர்லாந்து போக விசா இன்னும் வரவில்லை. இன்னும்!

ஏப்ரல் 11

வந்துவிட்டது.

ஏப்ரல் 13, சனி

ராட்டர்டாம் போகும் கப்பல் மாலையில் கிளம்பியது. கிரெய்க் தன் வேலையிடத்து நண்பர்களிடம் சொல்லி எங்களைக் கரை ஓரம் வரை விடச் செய்தான். செனாயித்தின் பைக்குள் மிளகாய்ப் பொடி, வெள்ளைத் துணியில் சுற்றிய ஏதோ, வளர்ந்த பையனுக்கு என்று குத்துமதிப்பாக வாங்கிய சட்டைகள் மூன்று, மூன்று அளவில். "ஏதாவது ஒண்ணு சரியா இருக்கும்" என்றாள்.

நல்ல காற்று. அவள் மேல்தட்டில் நின்றாளா உள்ளே போய்விட்டாளா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கை ஆட்டினேன். கிரெய்கும் ஆட்டினான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வகுப்பில் எனக்குப் புது ஜோடி. குர்து இனத்தவர், ஹேமின், தச்சு வேலை தெரிந்தவர். நிறையக் கேள்வி கேட்கிறார்.

பிரான்வென் வருகைப் பதிவை வாசித்தாள். செனாயித்தின் பெயர் வந்தது. பிரான்வென் நிமிர்ந்து பார்த்தாள்.

"மகனைப் பார்க்கப் போயிருக்கா" என்றேன்.