வழியனுப்ப வருகிறவர்களின் மண்டபம்

இன்று காலை அலுவலகத்தில் யாரோ பசைப் போத்தலைத் திறந்தார்கள். கட்டட மாதிரிகளை ஒட்டும் பசையின் அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போன ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது, சொல்லு!

எங்கள் ஊர் விமான நிலையத்தின் புதிய பயணிகள் முனையத்தை வரையும் வேலை நாவற்குடாவில் நீயும் நானும் நடத்திய சின்ன அலுவலகத்துக்குக் கிடைத்தபோது இருவரும் துள்ளிக் குதித்தோம். குளிரூட்டி இல்லாத கட்டடம். பக்கத்து வாவியின் காற்று உள்ளே வந்து கூரை உச்சியால் வெளியேற வேண்டும், மாரி மழை தொட்டியில் சேர வேண்டும், கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். எல்லாவற்றிலும் ஒத்துப்போனோம், ஒரு மண்டபத்தைத் தவிர.

நம் ஊர்ப் பக்கத்தில் வெளிநாடு போகிறவர் தனியாகவா போகிறார்? களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வருவார்கள். பெரியம்மா, மாமா, கைக்குழந்தை, சோற்றுப் பார்சல். விமானம் கண்ணுக்கு மறையும்வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். அவர்கள் இருக்க வாவிப் பக்கமாக ஒரு திறந்த மண்டபம் வேண்டும் என்றாய் நீ. கட்டடம் சிறுத்தால் சீமெந்து மிச்சம், அதுதான் பசுமை என்றேன் நான்.

"சீமெந்தை மிச்சம் பிடிச்சுப்போட்டு மனிசரை வெயிலில காயப்போடுறதா? உன்ட பசுமையில நெருப்பை வை!" என்று கத்தி, கோடு போடும் இரும்பு அடிமட்டத்தைச் சுவரில் எறிந்தாய். அது என் காதை உரசிக்கொண்டு போனது.

பிறகுதான் சொன்னாய். சண்டைக் காலத்தில் உன் அண்ணனைப் பிடித்து வைத்திருந்த இராணுவ முகாமின் வாசலில் உன் அம்மா வெயிலில் காத்திருந்ததை. எழும்பிப் போகச் சொல்லி ஒரு சிப்பாய் துவக்குப் பிடியால் அவரை அடித்ததை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் தலையில் அவருடைய ரத்தம் சொட்டியதை. அன்றோடு அம்மாவுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. "நான் கீறுற கட்டடத்தில காத்திருக்கிற ஆக்கள் வெளியில நிக்க மாட்டாங்க. அவ்வளவுதான் புள்ள," என்றாய். நான் மண்டபத்தை வரைந்தேன்.

வரைபடத்தை ஒப்புக்கொள்ளும் கூட்டத்தில் ஓர் அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அழுறவங்க வீட்டிலயே அழுதிட்டு வரட்டும், மிஸ். இந்த மண்டபத்தை வெட்டுங்க." அவர் பேனாவால் நம் கட்டட மாதிரியின் கூரையைத் தட்டியதுதான் தாமதம், நீ மாதிரியைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தாய். மேசைக் கண்ணாடி வெடித்தது. உன் உள்ளங்கை கிழிந்து வரைபடமெல்லாம் ரத்தம். "வெட்டுறதெண்டா முழுசா வெட்டுங்க!" என்றாய். நான் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். நீயோ வெளியே வந்து கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "பசிக்குது, கொத்துரொட்டி சாப்பிடுவமா?" என்று கேட்டாய். பிசாசு நீ.

அடுத்த கிழமை, மண் ஏற்றிய டிப்பர் லொறி ஒன்று உன்னை மோட்டார் சைக்கிளோடு அலுவலக வீதியில் அடித்துப் போட்டது. நான் ஓடி வந்தபோது உன் தலைக்கவசம் நசுங்கிக் கிடந்தது. சாரதியின் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினேன். அவனும் அழுதான். அதற்கும் குத்தினேன். மூன்று நான்கு பேர் என்னை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

செத்தவீட்டுக்கு அந்த அதிகாரியும் வந்தார். மண்டபத்துக்குப் பதிலாக உன் பெயரில் ஒரு கல் பதிக்கலாம் என்று மெல்லச் சொன்னார். பந்தலில் இருந்த கதிரையை உதைத்துத் தள்ளினேன். "கல்லில ஆர் குந்துறது, சேர்?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். வெட்கமோ பயமோ தெரியாது, மண்டபத்தில் அதற்குப் பிறகு அவர் கை வைக்கவில்லை.

மண்டபத்துக்குக் கூரை போட்ட பிறகு உன் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வாவி மேலால் வந்து உள்ளே புகுந்தது. அம்மா அங்கே போட்டிருந்த நீள வாங்கைத் தடவிப் பார்த்தார், அதில் உட்காரவில்லை. கேட்கும் காதை என் பக்கம் திருப்பினார்.

"மகள், இதில இருக்கிற ஆக்களை ஆரும் அடிச்சு எழுப்ப மாட்டாங்களே?"

"மாட்டாங்க அம்மா."

அதற்குப் பிறகுதான் வாங்கில் இருந்தார்.

காற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் வரைபடத்தைக் காட்டியிருப்பேன். அவர் கேட்டதற்கு என்னிடம் வரைபடம் இல்லை. ஆனாலும் மாட்டார்கள் என்று உன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். இனி அங்கே யாராவது தடியைத் தூக்கினால் நான்தான் போய்க் குறுக்கே நிற்க வேண்டும்.