கதிரையில் இருந்த அம்மா

வெக்ஸ்போர்ட்
ஸ்காபரோ, கனடா
3 மார்ச் 1996

அன்புள்ள பேபி மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். போனில் பேசத் தொடங்கினால் நாம் இருவரும் சேலைக்கதைக்குப் போய்விடுகிறோம், சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உம்முடைய சின்னவள் நிலாணியை அவ்வளவு தூரம் விட்பியிலிருந்து அனுப்புகிறீர். நல்ல காரியம். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு சிறுமியைப் பற்றிய ஆங்கில நாவலை இப்போது பகுதி பகுதியாகத் தமிழாக்கி வாசிக்கிறோம். நிலாணிக்காக எடுத்த கதையென்று முகத்தைச் சுழிக்காதேயும். அவள் வருவதற்கு முன்பே தொடங்கியது.

நேற்றுப் பிள்ளைகளின் முழங்கால்களைச் சால்வையால் சேர்த்துக் கட்டி வகுப்பைச் சுற்றி நடக்கச் சொன்னேன். கால் வழங்காதவர்களின் கஷ்டம் விளங்கட்டும் என்று ஆசிரியர் கைநூல் ஒன்றில் சொல்லியிருந்த பயிற்சி. ஒரே சிரிப்பும் விழுகையும்தான். நிலாணி தான் ஊன்றி நடக்கும் வோக்கரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமி, இவை விழுகினம். நான் நடக்கிறனான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சால்வைகளை அவிழ்த்துவிட்டு, வேறென்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன். பள்ளிக்கூடத்தின் படத்தைத் தாளில் கீறி, வோக்கர் போக முடியாத இடத்துக்கெல்லாம் சிவப்புப் பூசுவோம் என்றாள். கீறினோம். மண்டபத்து மேடை முழுக்கச் சிவப்பு.

கெட்டிக்காரியைப் பெற்றிருக்கிறீர். பெரியவள் அட்சயாவுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
யோகமலர்


விட்பி
10 மார்ச் 1996

அன்புள்ள யோகமலர் மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. நிலாணியைப் புகழ்ந்திருந்தீர்கள், சந்தோசம். ஆனால் வகுப்பில் அவளைக் காட்சிப்பொருளாக்கிவிடாதீர்கள். எனக்கு அது பிடிக்காது.

அட்சயா பெரியபிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்கை ஏப்ரல் இருபதாம் திகதி, சனிக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் வைத்திருக்கிறோம். நீங்கள் என் அண்ணையின் மனைவி, அவளுக்கு மாமி. முதல் தண்ணீர் நீங்கள்தான் வார்க்க வேண்டும். கூறைச்சேலை கட்டி வாருங்கள், பழைய பச்சையோடு வந்து நிற்காதீர்கள்.

இன்னொன்று. அன்றைக்கு உங்கள் வகுப்பைச் சீமோன் மாஸ்டர்தானே பார்ப்பார்? நிலாணி வழக்கம்போல வகுப்பிலேயே இருக்கட்டும். முடிந்ததும் மாஸ்டரின் மனைவி தன் வீட்டில் வைத்திருப்பாவா என்று கேட்டுப் பாருங்கள். சனம் கூடினால் அவளுக்குக் களைத்துவிடும்.

உங்களுக்கு ஒளித்து என்ன. இவருடைய அக்காமார் ஜேர்மனியிலிருந்து வருகிறார்கள். வீடியோவும் எல்லா நாட்டுக்கும் போகும். நாளைக்கு அட்சயாவுக்கு ஒரு இடம் பார்க்கும்போது, தங்கச்சிக்கு ஏன் இப்படி, பரம்பரையில் வருவதா என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்கு இரண்டும் என் பிள்ளைகள். ஒன்றின் வாழ்க்கைக்கு மற்றது தடையாக நிற்கக்கூடாது என்று நினைப்பது பிழையா?

உங்கள்,
பேபி


வெக்ஸ்போர்ட்
31 மார்ச் 1996

அன்புள்ள மச்சாளுக்கு,

உம்முடைய கடிதத்தை மூன்று கிழமை வைத்திருந்துவிட்டேன். உடனே எழுதியிருந்தால் கூடாத சொல் வந்திருக்கும்.

நேற்று வகுப்பில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நாவலில் ஒரு கட்டம் வரும். வீட்டில் எல்லோரும் விருந்துக்குப் போகிறார்கள், அந்தச் சிறுமியை மட்டும் விட்டுவிட்டு. இதற்கு நான் வைத்த பயிற்சி: முன்னால் ஒரு கதிரை. யாராவது அதில் உட்கார்ந்து கதையில் வரும் ஒருவராக மாற வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அம்மாவாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. கூடாத அம்மா என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். நிலாணி வோக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தாள்.

ஏன் பிள்ளையை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று வகுப்பிலுள்ள நிதுசன் அதட்டினான். வெளியில் குளிர், பிள்ளை களைத்துப்போவாள், அதுதான் என்றாள் நிலாணி. அவள் சொன்ன விதத்தில் உம்முடைய குரல் அப்படியே இருந்தது, மச்சாள். உங்களுக்கு அவளில் அன்பில்லையா என்று இன்னொரு பிள்ளை கேட்டது. "அன்பு இருக்கு. சனத்துக்குத்தான் பயம்" என்றாள். நிதுசன் விடவில்லை. குளிர் என்று சொன்னதை உங்கள் மகள் நம்பினாளா என்றான்.

நிலாணி சொன்னாள்: "நம்புற மாதிரி இருப்பாள். இல்லாட்டி அம்மா அழுவா."

இவ்வளவுதான் நடந்தது. நான் மணி அடித்து வகுப்பை முடித்துவிட்டேன்.

தண்ணீர் வார்க்க வருவேன். அட்சயா என் மருமகள், அதில் மாற்றமில்லை. ஆனால் சீமோன் மாஸ்டர் வீட்டில் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நிலாணியை அங்கே விடுவதென்றால் நீரே கேளும்.

யோகமலர்


விட்பி
14 ஏப்ரல் 1996

அன்புள்ள மச்சாளுக்கு,

புதுவருச வாழ்த்துகள். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உங்களோடு இனிப் பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். என் பிள்ளையின் வாயைக் கிளறிவிட்டு எனக்கே எழுதுகிறாவே என்று கோபம். இரண்டு கிழமையாக அந்தக் கோபத்தைப் பிடித்துவைத்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

புதன்கிழமை மண்டபத்துக்குப் போனேன். பிள்ளையை இருத்தும் மணவறை அலங்காரத்தை மேடையில்தான் வைப்பார்களாம். ஏறப் படிகள் மட்டும்தான். உங்கள் பிள்ளைகள் கீறிய படத்தில் என்றால் முழுக்கச் சிவப்பு. மணவறையைக் கீழே, நிலத்தில் வையுங்கள் என்றேன். வீடியோக்காரர் முறைத்தார். லைற் எல்லாம் மேலேதானாம், கீழே வைத்தால் படம் வடிவாக வராதாம். வராவிட்டால் பரவாயில்லை, லைற்றை இறக்குங்கள் என்றேன். இவருடைய அக்காமாருக்கும் போன் பண்ணி, எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேரும் மணவறையில் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். பெரியக்கா சின்னவளின் சட்டை அளவைக் கேட்டா.

அட்சயாவுக்குத்தான் பெரிய சந்தோசம். தங்கச்சி இல்லாமல் எப்படி என்று அவளும் நெடுகக் கேட்டுக்கொண்டிருந்தவள், நான்தான் அதட்டி வைத்திருந்தேன்.

நேற்று நிலாணியை மடியில் இருத்தி விசயத்தைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "சனம் வந்து கேட்டா, குளிர் எண்டு சொல்லுங்கோ அம்மா. நான் கோவிக்க மாட்டன்" என்றாள்.

"சித்திரை பிறக்குது, இனி என்ன குளிர். நீ அக்காவுக்குப் பக்கத்திலை இருக்கிறாய்" என்றேன்.

தலையை ஆட்டினாள். நம்பினாளோ, நம்புகிற மாதிரி இருந்தாளோ, பெற்ற எனக்குத் தெரியவில்லை, மச்சாள். மண்டபத்துக்குள் கொண்டுபோய் இருத்தும்வரை தெரியப்போவதில்லை. நீங்கள் அன்றைக்கு நேரத்தோடு வந்துவிடுங்கள். பச்சைச் சேலை என்றாலும் பரவாயில்லை.

உங்கள்,
பேபி