மீன் இல்லாத நாட்கள்

12-6-57, புதன்

இன்று காலையும் விமானத் திடலில் தண்ணீர். தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோகிற லொங்காங் கால்வாய் வெட்டி முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எட்டரை மணிக்கு இறங்க வேண்டிய விமானம் வந்தது, தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியது, வந்த வழியே கோலாலம்பூருக்குத் திரும்பிப் போனது. கீழே நாங்கள் இருபது பேர் வாளியும் துடைப்பமுமாக நின்றோம். மேலே இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும்.

பத்தரை மணிக்குத் தண்ணீர் தானாகவே வடிந்துவிட்டது. அதுதான் எரிச்சல். இப்போது வடிகிற தண்ணீர் எட்டு மணிக்கு ஏன் வடியவில்லை?

காஜா பெராங் வரை சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்தபோது அகோரப் பசி. சட்டியைத் திறந்தால் பூசணிக்காய். இன்று மீன் இல்லையாம். சிவகாமசுந்தரியிடம் காரணம் கேட்கவில்லை. பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த அளவு புத்தி வந்திருக்கிறது.

15-6-57, சனி

எஞ்சினியர் துரை கூப்பிட்டார். கத்தியிருந்தாலாவது மனசுக்குள் திருப்பித் திட்டியிருக்கலாம். அமைதியாகச் சொன்னார், என் லெவல் தவறு என்று.

லொங்காங்கின் அடிமட்டம் திடலிலிருந்து ஆறுவரை சீராகச் சரிந்துகொண்டே போக வேண்டும். அந்த அளவை எடுத்தவன் நான். எங்கேயோ பிசகிவிட்டேன், அதனால் தண்ணீர் நடுவழியில் நிற்கிறது என்பது அவர் கட்சி. சுதந்திரம் வருகிறது, அக்டோபர் கடைசியில் அவர் ஊருக்குப் போகிறார். போகும்போது திடலின் முழுப் பொறுப்பையும் உள்ளூர் ஓவர்சியர் ஒருவரிடம் விடவேண்டும். அது நான்தான் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். நேற்றுவரை எனக்கும் தெரியும். இப்போது, ஆகஸ்டு முடிவதற்குள் காரணம் கிடைக்காவிட்டால் அறிக்கையில் என் பெயரை எழுதுவாராம். அப்புறம் எங்கேயோ தூரத்தில் இருக்கும் கிளந்தானுக்கு மாற்றல்.

தப்பு செய்திருந்தால் ஒத்துக்கொள்வேன். செய்தேனா? அதுவே தெரியவில்லையே.

21-6-57, வெள்ளி

நான்கு நாளாக லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு மொத்த லொங்காங்கையும் மறுபடி அளந்தேன். கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் மருதமுத்து அளவுகோல் பிடித்தார். அரை அங்குலம்கூடப் பிசகு இல்லை. துரையிடம் காட்டினேன். தாள்களைப் புரட்டினார், “அப்படியென்றால் தண்ணீருக்குப் படிக்கத் தெரியவில்லை” என்றார். சிரிக்கவில்லை.

28-6-57, வெள்ளி

மறுபடியும். விடியற்காலை சுமத்ரா காற்று, ஒரு மணி நேர மழை, திடல் குளம். விமானம் இறங்கவில்லை. நேற்றும் மீன் இல்லை, இன்று வெள்ளிக்கிழமை, மீன் கிடையாது. இரண்டு நாள் கீரை தின்று மாடு மாதிரி ஆகிவிட்டேன்.

12-7-57, வெள்ளி

இன்றும். நேற்றிலிருந்து மீனும் இல்லை. எழுத வேறொன்றும் இல்லை.

20-7-57, சனி

இது என்ன அநியாயம்! விடியற்காலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. இந்த வருடத்திலேயே இதுதான் பெரிய மழை. ஓடினேன். திடல் பாய் விரித்துப் படுக்கலாம் போலக் கிடக்கிறது. லொங்காங் குடுகுடுவென்று ஓடுகிறது. விமானம் நேரத்துக்கு இறங்கியது.

சின்ன மழைக்கு நிற்கிற தண்ணீர் பெரிய மழைக்கு ஓடுமா? மருதமுத்து அது எவனோ வைத்த சூனியம் என்கிறார். எனக்கே நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

மதியம் கானாங்கெளுத்தி, புளி கரைத்து ஊற்றி. ஆறு துண்டு.

27-7-57, சனி

இன்று திடலில் தண்ணீர். வீட்டில் மீன் இல்லை.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதியதும் பேனா நின்றுவிட்டது. பின்னால் புரட்டினேன். 12-6: தண்ணீர், மீன் இல்லை. 28-6: தண்ணீர், மீன் இல்லை. 12-7: அதேதான். பெருமழை கொட்டிய 20ஆம் தேதி: தண்ணீர் இல்லை, மீன் உண்டு.

வெள்ளிக்கிழமையாக இருக்குமோ என்று பார்த்தேன். 12-6 புதன், இன்று சனி. ஒத்துவரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், எந்தெந்த நாளில் மீன் வாங்க மாட்டாய் என்று கேட்டேன். அவள் நான் சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை போக, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வாங்க மாட்டேன். இம்புட்டு வருஷமா என் கையால சாப்பிடுறீங்க, இது தெரியாதா?”

பிறகு சாதாரணமாக இன்னொன்றும் சொன்னாள். உஜோங் பாசிரில் இருக்கும் அவள் அக்கா பாக்கியலட்சுமி அந்த அமாவாசை, பௌர்ணமி நாட்களில் துணி துவைத்து வெளியே போட மாட்டாளாம். கடல் பொங்கி அவள் வீட்டு வாசற்படி வரைக்கும் வந்துவிடுமாம்.

கடல் பொங்கினால் ஆறு பொங்கும். ஆறு பொங்கினால் என் லொங்காங்கின் வாய் அடைபடும். அடைபட்டால் மேலே விழுகிற மழை எங்கே போகும்? ஓடுபாதைக்குத்தான்.

சாப்பாடு ஆறிப்போகிறதென்று கத்துகிறாள். கத்தட்டும்.

29-7-57, திங்கள்

சந்தோஷம் இரண்டு நாள்தான். இன்று பழைய அளவுப் புத்தகத்தை எடுத்தேன். திட்டம் போட்ட காலத்தில் ஆற்றின் மட்டத்தை ஒன்பது நாள் அளந்து கொடுத்தேன். அந்த ஒன்பதில் ஒன்றுகூட அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். லொங்காங் ஆற்றில் விழும் இடத்தில் ஒரு மரத்தடி முனீஸ்வரன். அமாவாசை, பௌர்ணமிகளில் மருதமுத்துவின் ஆட்கள் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார்கள். மண்டோர் வந்து இன்னிக்கு வேற வேலை பாக்கலாங்கையா என்பார், நானும் சரி என்பேன். வற்புறுத்தியதே இல்லை. எனக்கும் கொஞ்சம் பயம்தான், இங்கே எழுதுவதற்கென்ன. அதனால் ஆறு முழு உயரத்துக்கு எழுந்து நின்ற ஒரு நாளைக்கூட நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

லெவல் சரி. ஆற்றை அளந்ததுதான் தப்பு. அளந்தவன் நான். துரை சொன்ன தப்பைச் செய்யவில்லை, வேறொரு தப்பைச் செய்திருக்கிறேன். இதை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

10-8-57, சனி

பௌர்ணமி. கோல் பிடிக்க ஆள் கேட்டேன். மருதமுத்து தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க சொன்னா நெருப்புலகூட எறங்குவோங்கையா. இன்னிக்கு மட்டும் அங்க வேணாம்லா” என்றார். கெஞ்சி முடித்துத் தனியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஆறு இறங்கிவிட்டது. கரையில் ஈரக்கோடு மட்டும் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. ஈரக்கோட்டை வைத்துத் துரையை நம்ப வைக்க முடியாது.

25-8-57, ஞாயிறு

அமாவாசை. கோல் பிடிக்க ஆள் கிடைத்தது. என் பெண்டாட்டி.

நான் கேட்கவில்லை, அவளே கிளம்பினாள். கிளந்தானுக்குப் போய் யார் குப்பை கொட்டுவது என்றாள். ஏழு மணிக்குப் போய்விட்டோம். முதலில் முனீஸ்வரனுக்குச் சூடம் காட்டினாள், ஒரு சுருட்டும் வைத்தாள். சுருட்டு எங்கே வாங்கினாள் என்று தெரியவில்லை. பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிக் கோலை நட்டுப் பிடித்தாள். ஆபீசில் எந்தக் கோல்காரனும் இப்படி ஆடாமல் பிடித்ததில்லை.

ஏழேகால், ஏழரை, எட்டு. எழுத எழுத ஆறு ஏறியது. எட்டேகாலுக்கு ஒரு தேங்காய் மட்டை ஆற்றிலிருந்து திரும்பி எங்கள் லொங்காங்குக்குள் நுழைந்தது. நுழைந்து, விருந்தாளி மாதிரி நிதானமாகத் திடலைப் பார்த்துப் போனது.

“என்னாங்க, தண்ணி பின்னால போகுது” என்றாள்.

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். என் கணக்கில் ஆற்றுக்குப் போட்டிருந்த மட்டத்தைவிட மூன்றடி ஏழு அங்குலம் கூடுதல்.

26-8-57, திங்கள்

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அளவு, தேங்காய் மட்டை, முனீஸ்வரன், என் பயம், வீட்டில் மீன் இல்லாத கதை. ஆற்றை அளந்ததில் பிழை என்னுடையதுதான் என்றும் சொன்னேன்.

துரை அளவுகளை வரி வரியாகப் படித்தார். யார் கோல் பிடித்தது என்று கேட்டார், சொன்னேன். துறைமுகத்துக்கு ஆள் அனுப்பிக் கடலேற்ற அட்டவணையை வரவழைத்தார். என் நாட்குறிப்பையும் அதையும் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக விரல் ஓட்டினார். ஒரு நாளும் தவறவில்லை.

கடைசியில் சொன்னார்: “பிழையை யாரும் செய்வார்கள். அதைத் தேடிப் பிடித்து இந்த மேசைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் நீ.” பிறகு, எழுதி வைத்திருந்த அறிக்கையைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

வீடுவரை சைக்கிளை எப்படி மிதித்தேன் என்றே தெரியவில்லை.

31-8-57, சனி

மெர்டேக்கா, சுதந்திரம் வந்துவிட்டது. ஊர் முழுக்கக் கொடி. கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சிவகாமசுந்தரி என்னைவிட ஜாஸ்தி கத்தினாள்.

14-9-57, சனி

லொங்காங் வாயில் ஒரு கதவு போடுகிறோம். மேல்பக்கம் கீல், கீழ்ப்பக்கம் சும்மா தொங்கும். உள்ளே இருந்து மழைத்தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியே ஆறு ஏறித் தள்ளினால் தானே மூடிக்கொள்ளும். மூடியிருக்கும் நேரத்தில் பெய்கிற மழையைத் தாங்க லொங்காங்கை இன்னும் நாலடி அகலப்படுத்த வேண்டும் என்று துரை கணக்குப் போட்டுக் காட்டினார். அது எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவன் படித்தவன்தான்.

கதவு செய்கிறவர் எங்கள் தெரு ராஜரத்தினம் பிள்ளை. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டி சமூகத்து ஆசாரி. கோவிலில் என்னைவிடப் பக்தி, வாயைத் திறந்தால் மலாய்தான். அமாவாசையில் தண்ணீர் ஏறுவதை நான் பெரிய ரகசியம் போலச் சொன்னேன். அவர், மலாய்க்காரர்கள் ‘ஆயர் பாசாங்’ என்கிற கடலேற்றம்தானே, அவர் தாத்தா காலத்திலிருந்து படகு கட்டுகிறவன் எல்லோருக்கும் தெரியுமே என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். நீ ஏன் கேட்கவில்லை என்றார்.

12-10-57, சனி

கதவு மாட்டியாயிற்று. தண்ணீரில் கிடந்தாலும் உளுக்காத செங்கால் மரம், நாலு பேர் தூக்கும் கனம். மாட்டுவதற்கு முன் மருதமுத்து முனீஸ்வரனுக்குச் சேவல் கொடுத்து, இனி எந்த நாளும் வந்துபோக உத்தரவு கேட்டார். கிடைத்துவிட்டதாம். இதை முன்பே கேட்டிருக்கலாமே என்று நான் சொல்லவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லையே.

இனி தீபாவளி அமாவாசை. அட்டவணைப்படி இந்த வருடத்தின் பெரிய ஏற்றங்களில் ஒன்று. மழையும் சேர்ந்தால் அன்று தெரிந்துவிடும்.

22-10-57, செவ்வாய்

தீபாவளி. விடியற்காலை தலையில் எண்ணெய் வைத்துவிட்டு அவள் வெந்நீர் எடுக்கப் போனாள். கூரையில் மழை. சாதாரண மழை இல்லை. காற்று, இடி, எல்லாம். சீயக்காய் போடாமலேயே சைக்கிளை எடுத்துவிட்டேன். பின்னால் அவள் திட்டியது சந்து முனைவரை கேட்டது.

லொங்காங் வாய்க்குப் போனால், அங்கே மருதமுத்து நிற்கிறார். கூட பதினாலு பேர். எல்லோரும் புது வேட்டி, எல்லோர் தலையிலும் எண்ணெய். அமாவாசை பிறக்கிற நாளில், முனீஸ்வரனுக்குப் பக்கத்தில். நான் யாரையும் கூப்பிடவில்லை.

“கதவு மூடிக்கிச்சுங்கையா” என்றார் மருதமுத்து.

வெளியே ஆறு கதவின் மேல்விளிம்புவரை வந்து முட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கள் மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மரப்பலகை. லொங்காங் நிறைய இன்னும் ஒன்றரை அடி, ஓரடி, முக்கால் அடி. நான் கும்பிடாத சாமி இல்லை. முக்கால் அடியில் நின்றது. மழை விட்டது.

எட்டு நாற்பதுக்குத் தலைக்கு மேல் சத்தம். ஓடினோம். பதினாறு எண்ணெய்த் தலைகளும் திடலுக்கு ஓடின. விமானம் சுற்றவே இல்லை, நேராக வந்து இறங்கியது. சக்கரம் பட்ட இடத்தில் ஒரு கை நீர்கூடத் தெறிக்கவில்லை. துரை குடையை மடக்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையெல்லாம் எண்ணெய். அதைத் துடைக்காமலே மருதமுத்துவுக்கும் கை கொடுத்தார்.

பத்தரைக்கு ஆறு இறங்கியது. கதவு தானே திறந்தது. அடைபட்டிருந்த தண்ணீர் மொத்தமும் சீறிக்கொண்டு வெளியே போனதைப் பார்த்து எங்கள் ஆட்கள் போட்ட கூச்சல் புக்கிட் பாருவுக்கே கேட்டிருக்கும். நாங்கள் ஜெயித்துவிட்டோம். வேறு எப்படி எழுதுவது? ஜெயித்துவிட்டோம்.

பன்னிரண்டு மணிக்குத்தான் குளித்தேன். அவளே சீயக்காய் தேய்த்துவிட்டாள்.

7-11-57, வியாழன்

துரை போய்ப் பத்து நாள் ஆகிறது. இன்று அவர் மேசைக்கு நான் மாறினேன். இழுப்பறையில் துறைமுக அட்டவணை இருந்தது. சுவரில் தமிழ் நாள்காட்டி ஒன்று மாட்டியிருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் வட்டம், துரையின் கையால்.

காலையில் நல்ல மழை. விமானம் நேரத்துக்கு இறங்கியது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பௌர்ணமி, கிரகணம் வேறு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டுமாம். சட்டியைத் திறந்தேன். பூசணிக்காய். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.